பழைய காருக்கு வீட்டில் செய்த ரப்பர் பாகங்கள்: அளவு உலோகத்தில் இருக்கிறது

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தத் தேடலில் சிக்குவார்கள். பிஸ்டன் ரிங் தேடினால் கிடைத்துவிடும், கார்புரேட்டர் கிட்கூட எங்காவது இருக்கும். கட்டைவிரல் அளவு ரப்பர் ஒன்று மட்டும் எங்கு கேட்டாலும் இருக்காது. என் காரில் கிளட்ச், பிரேக் பெடல் உறைகள், இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகடான ஃபயர்வாலில் வயர் கட்டு நுழையும் ரப்பர் வளையமான கிராமெட், பானெட் உட்காரும் கட்டைகள், ரேடியேட்டரின் அடி மெத்தை, ஹெட்லைட் கேஸ்கெட், கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான பீடிங் எல்லாமே காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. தேடிப் பிடித்த ஒன்றிரண்டு அசல் பாகங்களும் உறை பிரிக்காமலேயே இறுகிப் போயிருந்தன. வண்டி ஓடினால்தான் ரப்பருக்கு வயதாகும் என்பதில்லை, அலமாரியில் கிடந்தாலும் ஆகும். அதனால் நானே செய்வதென்று இறங்கினேன்.

இந்த வேலையில் மிக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ரப்பரை வைத்து அப்படியே அச்சு எடுக்காதீர்கள். வடிவத்தை அதிலிருந்து எடுங்கள். அளவை, அது உட்கார்ந்திருந்த உலோகத்திலிருந்து எடுங்கள். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றின் விரிவுதான்.

பழைய ரப்பரை ஏன் அளவுக்கு நம்பக் கூடாது

ரப்பரை ஆண்டுக்கணக்கில் அழுத்தியே வைத்திருந்தால், அழுத்தம் போன பிறகும் அது பழைய உயரத்துக்குத் திரும்பாது. பாரம் தாங்கிய மெத்தைகள் எல்லாம் சப்பையாகத்தான் கையில் வரும். எண்ணெய் பட்டது இதற்கு நேர்மாறு, எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பெருத்திருக்கும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் கிடந்ததோ மிருதுத்தன்மை தரும் எண்ணெய்களை இழந்து சுருங்கி இறுகியிருக்கும். ஒரே காரிலிருந்து கழற்றிய மூன்று ரப்பர்களில் ஒன்று குட்டை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இருப்பது வழக்கமானதே. எதையும் அப்படியே நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்.

கடினத்துக்கும் இதே விதிதான். ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவுகோலில் சொல்வார்கள். 0 முதல் 100 வரை போகும், கூடக்கூடக் கடினம். டயரின் தரை தொடும் பகுதி ஏறத்தாழ 60 முதல் 70 வரை இருக்கும். என் பழைய பெடல் உறையின் மேற்பரப்பில் கடினம் அளக்கும் ஊசிக் கருவியான டியூரோமீட்டரை வைத்தபோது 85-ஐத் தாண்டியது. அது பிறந்தபோது அப்படி இருந்திருக்காது. அதனால் தடிமனான பாகம் ஒன்றை நடுவில் வெட்டி, காற்றும் வெளிச்சமும் படாத உள்பகுதியில் வைத்துப் பார்த்தேன். 60-க்குப் பக்கத்தில் காட்டியது. இலக்காக எடுத்துக்கொண்டது அந்த எண்ணைத்தான். டியூரோமீட்டர் வைக்கும் இடத்தில் ரப்பர் குறைந்தது 6 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். மெல்லிய ரப்பரில் ஊசி அடியில் இருக்கும் பொருளின் கடினத்தையும் சேர்த்துக் காட்டிவிடும்.

ஆனாலும் பழைய ரப்பரைத் தூக்கி எறியாதீர்கள், அதில் படிக்க நிறைய இருக்கிறது. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஓசோன், இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை வெட்டும். ரப்பர் எந்தத் திசையில் இழுபட்டு நிற்கிறதோ அதற்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்பு விழும். ஆகவே வெடிப்பு எங்கே, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்தாலே அந்தப் பாகம் எங்கே திணறியது என்று தெரிந்துவிடும். புதியதில் அந்த இடத்து உள்மூலையை உருட்டி விடலாம், சுவரைக் கொஞ்சம் தடிமனாக்கலாம். தேயாத மூலை ஒன்று எப்போதும் மிச்சம் இருக்கும். பெடல் உறையின் வரிகள் கால் படும் ஓரத்தில் வழுவழுப்பாகிவிட்டாலும், எதிர் மூலையில் வரியின் உயரம் 2.5 மி.மீ. அப்படியே இருந்தது.

பழையதை உருக்கி மறுபடி வார்க்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். முடியாது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வல்கனைசேஷன் முறையில் கந்தகம் ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்காகக் கட்டிவிடுகிறது. அதன் பிறகு அது உருகாது, சூடாக்கினால் கருகும். தொழிற்சாலையில் பச்சை ரப்பரை உலோக அச்சில் வைத்து, 150 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும்தான் பாகமாக்குகிறார்கள். வீட்டில் அதைச் செய்வதைவிட, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் தானே இறுகும் பாலியூரித்தேன் ரப்பர் எளிது. நான் வார்த்தவை எல்லாம் அதில்தான்.

எதைச் செய்யக் கூடாது

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்களை வீட்டில் செய்யவே கூடாது. பலமாக பிரேக் அடிக்கும்போது அந்தக் குழாய்களில் அழுத்தம் 100 பார் வரை போகலாம். அங்கே ரப்பரின் மெல்லிய விளிம்புதான் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. பொருளும் கறாராக இருக்க வேண்டும். பிரேக் திரவத்துக்கு ஒத்துப்போகும் ஈபிடிஎம் ரப்பர் இன்ஜின் ஆயிலில் ஊதிவிடும். இன்ஜின் ஆயிலுக்கு ஒத்துப்போகும் நைட்ரைல் பிரேக் திரவத்தில் கெடும். பெட்ரோல் குழாய், ஸ்டீயரிங் இணைப்பு ரப்பர், சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குள் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்கள் இவற்றையும் நான் தொடவில்லை. பாகம் பிய்ந்தால் கார் நிற்காமல் போகுமா, திரும்பாமல் போகுமா, தீப்பிடிக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது என் மேசைக்கு வராது.

புஷ்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய கார்களின் பல புஷ்களில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். அசைவு வரும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும், வழுக்காது. அதற்குப் பதில் ஊற்றிய பாலியூரித்தேன் உருளையைச் செருகினால் அது உலோகத்தின் மேல் உரசித்தான் சுற்றும். கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும். நடந்துகொள்ளும் விதமே வேறு.

எந்த ரப்பர் எங்கே

பழைய பாகம் என்ன ரப்பர் என்று ஓரளவு வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நகக்கண் அளவு துண்டை இன்ஜின் ஆயிலில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வடிவம் மாறாமல் இருந்தால் நைட்ரைல் போன்ற எண்ணெய் தாங்கும் வகை. ஊதிக் கொழகொழத்தால் இயற்கை ரப்பரோ ஈபிடிஎம்மோ. திறந்த வெளியில் சிறு துண்டைக் கொளுத்தினால் சிலிக்கோன் வெள்ளைச் சாம்பலாகும், இயற்கை ரப்பர் கரும்புகையோடு எரிந்துகொண்டே இருக்கும், நியோப்ரீன் நெருப்பை எடுத்ததும் அணையப் பார்க்கும். அதன் புகையில் அமிலம் உண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின் பயன் அசலின் பெயரைத் தெரிந்துகொள்வது அல்ல. அந்த இடத்துக்கு எண்ணெய் வருகிறதா, சூடு வருகிறதா என்று வடிவமைத்தவர்கள் நினைத்ததைத் தெரிந்துகொள்வதுதான்.

ஊற்றும் பாலியூரித்தேன் கிழியாது, தேயாது. பெடல், கட்டை, கிராமெட்டுக்குச் சரியானது. ஆனால் 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட்டால் தளர்ந்துபோகும். சைலன்ஸர் தொங்கும் ரப்பருக்கு ஆகாது. வாங்கும்போது பாலிஈதர் வகையா பாலிஎஸ்டர் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தில் பாலிஎஸ்டர் வகை காலப்போக்கில் சிதைந்து பிசுபிசுக்கும், பாலிஈதர் தாக்குப்பிடிக்கும். சிலிக்கோன் 200 டிகிரி வரை அசராது, வெயிலுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் சின்னக் கீறல் விழுந்தாலும் அதிலிருந்து சரசரவென்று கிழியும், பெட்ரோலில் ஊதும். கால் மிதிக்கும் இடத்தில் சிலிக்கோன் போடாதீர்கள்.

ட்யூபை மறந்துவிட வேண்டாம். டயர் ட்யூபில் இருக்கும் பியூட்டில் ரப்பர் ஓசோனுக்கு அவ்வளவு எளிதில் அசையாது, காற்றையும் ஈரத்தையும் விடாது. எண்ணெய் படாத இடத்துக்கு மெல்லிய வாஷர், தகடுகளுக்கு இடையிலான பட்டை, வயர் உரசாமலிருக்கச் சுற்றும் உறை எல்லாவற்றுக்கும் அதைவிட நல்ல பொருள் தேட வேண்டியதில்லை.

கிராமெட்

ஃபயர்வால் கிராமெட்டில்தான் இந்த அளவு விவகாரம் பளிச்சென்று தெரிந்தது. பழைய கிராமெட்டின் காடி, அதாவது தகடு உட்காரும் பள்ளம், 36.5 மி.மீ. விட்டம் இருந்தது. தகட்டில் இருந்த ஓட்டையோ 38 மி.மீ. சுருங்கிய ரப்பரை நம்பி அச்சு எடுத்திருந்தால் சுற்றிலும் முக்கால் மி.மீ. சந்து விட்ட புதிய கிராமெட்தான் கிடைத்திருக்கும். ஓட்டை விளிம்பின் பிசிரை அரத்தால் நீக்கி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் அளவெடுத்தேன். பெயின்டோடு தகடு 1.2 மி.மீ.

அச்சு எடுப்பதற்கான மாதிரியை இந்த எண்களிலிருந்து வரைந்தேன். காடியின் விட்டம் 38.3, ஓட்டையைவிடச் சற்றே கூடுதல். காடியின் அகலம் 1 மி.மீ., தகட்டைவிடக் குறைவு, அப்போதுதான் இரண்டு பக்க உதடுகளும் தகட்டைக் கவ்வும். உதட்டின் வெளிவிட்டம் 46. வயர் கட்டு டேப் சுற்றிய பிறகு 17 மி.மீ. வந்தது, அதற்கான துளையை 15 ஆக வைத்தேன். உள்ளே தள்ள வேண்டிய பக்கத்து உதட்டை மட்டும் சரிவாக்கினேன், செருகும்போது மடங்கிக் கொடுக்க. உள்மூலை எல்லாவற்றுக்கும் அரை மி.மீ. வளைவு. கிழிசல் தொடங்குவது கூர்மையான உள்மூலையில்தான்.

மாதிரியைக் கடைசலில் கடைந்தாலும் சரி, 3டி பிரிண்டரில் எடுத்தாலும் சரி. பிரிண்டர் என்றால் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து, ஃபில்லர் பிரைமர் அடித்து, 400, 600 எண் உப்புத்தாளில் மறுபடி தேய்க்க வேண்டும். சிலிக்கோன் அச்சு விரல்ரேகையைக்கூட விடாமல் பதித்துக்கொள்ளும். மாதிரியில் இருக்கும் கோடு ஒவ்வொரு வார்ப்பிலும் வரும்.

அச்சுக்கான சிலிக்கோனில் இரண்டு குடும்பம் உண்டு. பிளாட்டினத்தால் இறுகுவது ஒன்று, தகரச் சேர்மத்தால் இறுகுவது இன்னொன்று. பிளாட்டினம் வகை நீண்ட நாள் உழைக்கும், சுருங்குவது மிகக் குறைவு. ஆனால் கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. வல்கனைஸ் செய்த ரப்பரில் கந்தகம் இருக்கிறது, சில களிமண் வகைகளில் இருக்கிறது, லேடெக்ஸ் கையுறையில்கூட இருக்கிறது. பழைய ரப்பர் பாகத்தைச் சுற்றி இதை ஊற்றினால் வெளியே கெட்டியாகவும் பாகத்தைத் தொடும் பரப்பு மட்டும் பசையாகவும் நிற்கும். ரெசின் பிரிண்டரில் எடுத்த மாதிரியும் இதே தொல்லையைத் தரும். தகர வகை இவ்வளவு முரண்டு பிடிக்காது. அரை சதவீதத்துக்குள் சுருங்கும், 38 மி.மீ.யில் அது 0.2 மி.மீ.கூட இல்லை. இந்த வேலைக்கு நான் தகர வகையைத்தான் சொல்வேன்.

கிராமெட்டுக்கு இரண்டு துண்டு அச்சு தேவையில்லை. மாதிரியின் நடுவில் 15 மி.மீ. கம்பியைச் செருகி நிறுத்தி, டப்பாவுக்குள் வைத்து, சிலிக்கோனை ஒரு மூலையிலிருந்து நூல் போல உயரத்திலிருந்து ஊற்றினேன். மெல்லிய தாரையாக விழும்போது பெரிய குமிழிகள் நீண்டு உடைந்துவிடும். இறுகிய பின் அச்சின் ஒரு பக்கத்தைக் கத்தியால் வளைத்து வளைத்து அறுத்து மாதிரியை எடுத்தேன். நேராக அறுத்தால் மூடும்போது இரண்டு விளிம்பும் வழுக்கிக்கொண்டு நிற்கும், வளைந்த அறுப்பு தானாகவே பழைய இடத்தில் பொருந்தும். அதே கம்பி, மெழுகு தடவி, வார்ப்பின்போது துளைக்கான நடுத்தண்டாகத் திரும்பவும் உட்காருகிறது.

வயர் கட்டின் முனையில் இருந்த கனெக்டர் கிராமெட்டைவிடப் பெரியது. அதைக் கழற்றாமல் மாட்டக் கிராமெட்டை ஓரிடத்தில் சாய்வாக அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்தேன், மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கே தேங்காது. சூப்பர் குளூ பாலியூரித்தேனை நன்றாகப் பிடிக்கிறது. மேலே கொஞ்சம் சீலன்ட் தடவுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்கவும். அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது தகட்டையும் செம்பையும் அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். மாட்டி முடித்து வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். உள்ளே கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த காகிதம் காய்ந்தே இருந்தது.

பெடல் உறை

பெடல் உறையில் சிக்கல் பின்பக்கம். பெடலின் இரும்புத் தகட்டைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும் உதடு அங்கேதான் இருக்கிறது. அந்த உதட்டின் உள்ளளவு தகட்டைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் உறை இழுத்துப் பிடித்து நிற்கும். கால் அழுத்தும் பக்கவாட்டு விசையில் உறை கழன்று வந்துவிடக் கூடாது என்பதால் இதில் சமரசம் கிடையாது.

செய்தது இதுதான். பெடல் தகட்டின் வெளிக்கோட்டை அட்டையில் எடுத்து, நான்கு பக்கமும் சேர்த்து 3 சதவீதம் குறைத்து, அதே தடிமன் இரும்புத் தகட்டில் வெட்டினேன். ஓரங்களை வழுவழுவென்று தேய்த்து மெழுகு பூசினேன். இந்தத் தகட்டை இரண்டு ஆணிகளில் அச்சுக்குள் தொங்கவிட்டு அதைச் சுற்றிப் பாலியூரித்தேன் ஊற்றினால், உறை தகட்டின் மேலேயே பிறக்கிறது. இறுகிய பின் அதைத் தகட்டிலிருந்து உரித்து எடுப்பதும், பெடலில் மாட்டுவதும் ஒரே அசைவுதான். உரிக்க முடிந்தால் மாட்டவும் முடியும். வரிகள் இருக்கும் முகத்துக்கான மாதிரியைத் தேயாத மூலையின் அளவை வைத்து முழுதாக வரைந்து எடுத்தேன்.

இனி கலவை. பாலியூரித்தேனுக்கு ஈரம் ஆகவே ஆகாது. அதில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவை விடும், வார்ப்பு முழுக்கப் பஞ்சு போலக் குமிழியாகும். காகிதக் கோப்பையும் மரக்குச்சியும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை வைத்திருக்கும். பிளாஸ்டிக் கோப்பையும் உலோகக் கரண்டியும்தான் பாதுகாப்பு. மழை நாளில் ஊற்றாதீர்கள். புட்டியைத் திறந்தால் வேலை முடிந்ததும் உடனே இறுக்கி மூடுங்கள்.

எடையில்தான் அளக்க வேண்டும், அதுவும் 0.1 கிராம் காட்டும் தராசில். மொத்தம் 20 கிராம் கலக்கும்போது அரை கிராம் பிசகினாலே 2.5 சதவீதம் போய்விட்டது. ஒன்று கூடினால் பிசுபிசுப்பு, மற்றது கூடினால் வறட்சி. கலக்கிய பின் அந்தக் கலவையை வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கோப்பையின் சுவரிலும் அடியிலும் கலக்காத திரவம் ஒட்டியிருக்கும், சுரண்டி ஊற்றினால் அது வார்ப்பில் பசைத் திட்டாகத் தெரியும். கறுப்பு நிறமி சேர்ப்பது அழகுக்கு மட்டும் அல்ல, கார்பன் கறுப்பு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது.

அச்சை 40 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொண்டால் திரவம் இளகி மூலைகளுக்கு ஓடும். வரிகள் கீழ்நோக்கி இருக்கும்படி அச்சை வைத்து, முதலில் தூரிகையால் வரிகளுக்குள் மெல்லப் பூசி, பிறகு மீதியை ஊற்றினேன். குமிழிகள் மேலே, கண்ணில் படாத பின்பக்கத்துக்குப் போய்விடும். வாக்குவம் பம்ப் இருப்பவர்கள் கலவையை ஊற்றுவதற்கு முன் வாயு நீக்கிக்கொள்ளலாம். இல்லாமலும் நல்ல பாகம் வரும், பொறுமையாக ஊற்றினால் போதும். ஒரு நாளில் அச்சிலிருந்து எடுக்கும் பதத்துக்கு வந்தாலும் முழு வலு வருவதற்கு அறைச் சூட்டில் ஒரு வாரம் ஆகும். 65 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் அது விரைவுபடும். சமையல் அடுப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நைட்ரைல் கையுறை, நல்ல காற்றோட்டம், கரிம ஆவிக்கான முகக்கவசம் மூன்றும் கட்டாயம். ஐசோசயனேட் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவு ஆவிக்கே மூச்சுத் திணறும்.

மெத்தையும் கட்டையும்

ரேடியேட்டர் மெத்தை பார்க்க எளிது, யோசிக்க வைத்ததோ இதுதான். ரப்பர் அமுங்கும் என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான். பிதுங்க இடமில்லாத கிண்ணத்துக்குள் அதை நிரப்பிவிட்டால், எவ்வளவு மிருதுவான ரப்பரும் கல்லாகிவிடும். பழைய மெத்தையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் மங்கலாக வட்டக் கோடுகள் தெரிந்தன. அவை ஒரு காலத்தில் பள்ளங்கள், அழுந்தி அழுந்தி மூடிப்போனவை. வெட்டிப் பார்த்ததும் ரப்பர் மடங்கி ஒட்டியிருந்த தடம் தெரிந்தது. அந்த வெற்றிடம்தான் ஸ்பிரிங் வேலையைச் செய்துகொண்டிருந்தது. புதியதில் 3 மி.மீ. ஆழத்துக்கு வட்டப் பள்ளங்கள் வைத்தேன், கிண்ணத்தின் சுவரிலிருந்து சுற்றிலும் 1.5 மி.மீ. விட்டேன். ஷோர் ஏ 50. இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் மேல் கை வைத்தால் முன்பு இருந்த நடுக்கம் இல்லை.

பானெட் கட்டைகளின் உயரத்துக்குக் களிமண் போதும். கட்டை உட்காரும் இடத்தில் ஓர் உருண்டையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து, பானெட்டை மெதுவாக இறக்கி, பக்கத்துத் தகடுகளோடு மட்டம் சரியாக வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி தூக்கிக் களிமண்ணை அளந்தேன். 14 மி.மீ. அது பாரம் ஏறிய பிறகு இருக்க வேண்டிய உயரம். ஏறத்தாழ 15 சதவீதம் அமுங்கட்டும் என்று 16.5 ஆக வார்த்தேன். வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே அளவு வரும் என்று நினைக்க வேண்டாம், பழைய உடம்பு எங்காவது கோணியிருக்கும். இரண்டையும் தனித்தனியே அளவெடுத்துக்கொள்ளுங்கள்.

வார்க்க வேண்டாத வேலைகள்

ஹெட்லைட் கேஸ்கெட்டுக்கு மூடிய துளைகள் கொண்ட ஈபிடிஎம் பஞ்சுத் தகடு போதும். திறந்த துளைப் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். உலோக விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் காகிதத்தை அழுத்தினால் வடிவம் பதிந்துவிடும். திருகுத் துளைகளை முதலில் பஞ்ச் செய்யுங்கள், வெளிக்கோட்டைப் பிறகு வெட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஒல்லியான ஓரம் பஞ்ச் கருவியின் அடியில் இழுபட்டுத் துளை கோணிவிடும். கெட்டி ரப்பர் தகட்டில் வெட்டும்போது பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் பிடிக்காமல் ஓடும்.

கதவு பீடிங்கை வீட்டில் வார்க்க நினைக்காதீர்கள். நீளமான ஒரே குறுக்குவெட்டு என்பது ரப்பரைத் துளை வழியே பிதுக்கி நீளமாக எடுக்கும் எக்ஸ்ட்ரூஷன் எந்திரத்தின் வேலை. ஈபிடிஎம் பீடிங் பல வடிவங்களில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. தேர்ந்தெடுப்பதற்குக் கதவுச் சந்தில் நாலைந்து இடத்தில் களிமண் வைத்து மூடிப் பார்த்தேன். அளவு 7 முதல் 10 மி.மீ. வரை மாறியது. நடுவிலுள்ள அளவை வைத்து, குழல் பாகம் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கும்படி எடுத்துக்கொண்டேன். இன்னும் பெரிதாக எடுத்தால் கதவை அறைந்து மூட வேண்டிவரும், பீடிங்கும் சீக்கிரம் சப்பையாகும்.

ஒட்டும்போது இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய பீடிங் நாளடைவில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலைகளில் எழும்பி, இணைப்பில் வாய் பிளக்கும். சுற்றளவைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டி, உள்நோக்கித் தள்ளித் தள்ளி உட்கார வைக்கவும். இணைப்பு கதவின் அடிப்பக்கம் வரட்டும். குழலுக்குள் இரண்டு விரல் நீளத்துக்கு ரப்பர் கயிற்றைச் செருகி, பிரைமர் தடவி, சூப்பர் குளூவால் ஒட்டினால் இணைப்பு அசையாது. பிரைமர் இல்லாமல் ஈபிடிஎம் பசையைச் சரியாகப் பிடிக்காது. முடித்த பிறகு ஒரு காகிதத் துண்டைச் சந்தில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடை இல்லாமல் வழுக்கி வந்தால் அங்கே தண்ணீரும் வரும். என் காரில் மேல் மூலை ஒன்றில் அப்படி வந்தது. பீடிங்கை மாற்றவில்லை, கீல் பக்கத் தகட்டை மெல்ல வளைத்துச் சரிசெய்தேன். பழைய பீடிங் தேய்ந்ததும் அதே இடத்தில்தான்.

மாட்டும்போது எதற்கும் எண்ணெயோ கிரீஸோ தடவவில்லை. சோப்புத் தண்ணீர், இல்லையென்றால் கிளிசரின். சோப்புத் தண்ணீர் காய்ந்து போகும், கிளிசரின் தண்ணீரில் கழுவினால் போகும், இரண்டுமே ரப்பரை ஊத வைக்காது.

தகர வகைச் சிலிக்கோன் அச்சுகள் சில ஆண்டுகளில் தானாகவே உலர்ந்து நொறுங்கும், அவற்றைச் சேமித்துப் பயனில்லை. மாதிரிகளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு: ஓட்டையின் விட்டம், தகட்டின் தடிமன், எந்தப் பாலியூரித்தேன், ஷோர் ஏ எவ்வளவு, ஊற்றிய தேதி. அடுத்தது கியர் லிவர் பூட். மெல்லிய சுவர், உள்ளும் புறமும் மடிப்பு. உள்ளச்சு, வெளியச்சு இரண்டும் வேண்டியிருக்கும். அதற்கும் முதல் வேலையாக, லிவர் முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை எவ்வளவு தூரம் போய் வருகிறது என்று தரைத் தகட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.